நோயாளர் தரவுகளின் ஆளுகையும் பாதுகாப்பும்: புத்தூரை முன்னிறுத்திய ஒரு மதிப்பீட்டு நோக்கு

1. முன்னுரை

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை நோக்கிச் செல்லும் வீதியில் கோப்பாய், நீர்வேலி, சிறுப்பிட்டி ஆகிய ஊர்களைக் கடந்ததும் புத்தூர் வரும். செம்மண் தோட்டங்களாலும் நிலாவரைக் கிணற்றாலும் பலரும் அறிந்த இவ்வூரில் மெதடிஸ்த திருச்சபையின் மருத்துவமனை ஒன்றும் நெடுங்காலம் பணியாற்றி வந்துள்ளது. இவ்வூரவர் ஒருவர் நோயுறும்போது ஊர் மருத்துவமனையையோ தனியார் மருத்துவரையோ முதலில் நாடுவார். நோய் முற்றின் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குச் செல்வார். இடையே ஓர் ஆய்வுகூடத்தில் இரத்தம் கொடுப்பார். ஒரு மருந்தகத்தில் சீட்டை நீட்டுவார். செல்லும் இடந்தோறும் அவரைப் பற்றிய குறிப்பொன்று எழுதப்படுகின்றது. அக்குறிப்புக்கள் அவர் வீடு திரும்பிய பின்னரும் அவ்விடங்களிலேயே தங்கிவிடுகின்றன.

அவ்வாறு தங்கும் குறிப்புக்களை அந்நிறுவனங்கள் எவ்வளவு செவ்வனே ஆள்கின்றன, எவ்வளவு உறுதியாகக் காக்கின்றன என்பதை எவ்வாறு அளந்தறிவது? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விதிமுறைகள் ஏட்டில் உள்ளனவா என்று பார்ப்பது மதிப்பீடாகாது; தரவு ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாறும் ஒவ்வோரிடத்திலும் என்ன நடந்தது என்பதற்கு நிறுவனம் சான்று காட்டவல்லதா என்று பார்ப்பதே உண்மையான மதிப்பீடு என்பது இங்கு நிறுவப்படும் கருத்தாகும். எந்தவொரு மருத்துவமனையையும் குறைகூறுவதோ தரப்படுத்துவதோ இங்கு நோக்கமன்று. புத்தூர், எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஒரு சிற்றூரின் வகைமாதிரியாகவே இங்கு கொள்ளப்படுகின்றது.

2. நோயாளர் தரவின் இயல்பு

நோயாளரின் மறையை வெளியிடலாகாது என்னும் அறம் மிகப் பழமையானது. கிரேக்க மருத்துவர் இப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் உறுதிமொழியில் அது இடம்பெற்றுள்ளது. உலக மருத்துவச் சங்கம் 1948 ஆம் ஆண்டு வெளியிட்ட ஜெனீவாப் பிரகடனமும் அதனை வலியுறுத்தியது. ஆயின் அந்த அறம் மருத்துவர் ஒருவரும் நோயாளர் ஒருவரும் நேருக்குநேர் இருந்த காலத்தில் உருவானது. இன்று ஒரு நோயாளரின் குறிப்பை மருத்துவர், தாதியர், ஆய்வுகூடத்தார், மருந்தாளர், எழுதுவினைஞர், கணினியைப் பராமரிக்கும் ஒப்பந்த நிறுவனத்தார் எனப் பலர் கையாள்கின்றனர். ஒருவருடைய நல்லொழுக்கத்தை மட்டும் நம்பியிருந்த பாதுகாப்பு, இப்பொழுது ஒரு நிறுவனத்தின் ஒழுங்கமைப்பை நம்பியிருக்க வேண்டியதாயிற்று. தரவு ஆளுகை என்று நாம் குறிப்பிடுவது இவ்வொழுங்கமைப்பையே.

இத்தரவுகள் இலங்கையில் பல வடிவங்களில் உள்ளன. வைத்தியசாலை விடுதியில் அனுமதிக்கப்பட்டவருக்குப் படுக்கைச் சீட்டு உண்டு. கிளினிக் செல்வோர் கிளினிக் கொப்பியைத் தாமே வைத்திருப்பர். குடும்பநல உத்தியோகத்தரிடம் தாய்மாரதும் குழந்தைகளதும் பதிவேடுகள் உள்ளன. அறிவிக்க வேண்டிய தொற்றுநோய் ஒன்று கண்டறியப்படின், அத்தகவல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்பப்பட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நோயாளரின் வீட்டைத் தேடிச் செல்வார். இவற்றோடு கணினிவழிப் பதிவு முறைகளும் தனிநபர் சுகாதார இலக்கமும் அண்மை ஆண்டுகளில் அரச வைத்தியசாலைகளிற் படிப்படியாக அறிமுகமாகியுள்ளன. தாளும் கணினியும் அருகருகே வழங்கும் இந்நிலையில் இரண்டிற்கும் உரிய குறைபாடுகள் ஒருங்கே நேரக்கூடும் என்பது கவனத்திற்குரியது.

3. பாதுகாப்பு என்பதன் முப்பொருள்

தரவுப் பாதுகாப்பு என்றதும் இரகசியம் ஒன்றே பலர் நினைவுக்கு வருகின்றது. உண்மையில் அது மூன்று பண்புகளை உள்ளடக்கும். உரியவரன்றிப் பிறர் காணாதிருத்தல் முதலாவது. இதனை மறைவு எனலாம். எழுதப்பட்டது பிழையின்றியும் பிறரால் மாற்றப்படாமலும் இருத்தல் இரண்டாவது, இது செம்மை. வேண்டிய வேளையில் உரியவர் கைக்குக் கிட்டுதல் மூன்றாவது, இது கிடைப்பு. பெனிசிலின் ஒவ்வாதவர் என்னும் குறிப்பு வேறொருவரின் சீட்டில் ஏறினால் செம்மை கெடுகின்றது. இருவேளையும் உயிர் ஆபத்துக்குள்ளாகலாம், இரகசியம் எதுவும் வெளிப்படாவிடினும்.

கிடைப்பு என்னும் பண்பின் அருமையை யாழ்ப்பாணத்தவர்க்கு விளக்க வேண்டியதில்லை. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாகத் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் இடம்பெயர்ந்தனர். இத்தகைய இடப்பெயர்வில் நீரிழிவுக்கோ வலிப்புக்கோ மருந்துண்டுவந்த ஒருவர் புதிய மருத்துவர் முன் நிற்கும்போது, முன்னைய மருந்தின் பெயரும் அளவும் அவர் மடியிற் கொண்டுவந்த கொப்பியை அல்லது அவருடைய நினைவையே சார்ந்திருக்கும். எனவே, பூட்டிய அலுமாரி மட்டும் பாதுகாப்பாகாது. அலுமாரி அழிந்தால் அதிலுள்ளதன் படி எங்கே உள்ளது என்னும் வினாவும் மதிப்பீட்டில் இடம்பெறுதல் வேண்டும்.

4. மதிப்பீட்டு முறையின் வளர்ச்சி

சுகாதார நிறுவனங்களின் தரவு ஆளுகையை முறைப்படி மதிப்பிடும் முயற்சியில் இங்கிலாந்தின் அனுபவம் பயனுடையது. உளமருத்துவ நிபுணரான பியோனா கால்டிகொட் தலைமையிலான குழு 1997 ஆம் ஆண்டு தன் அறிக்கையை வெளியிட்டது. அக்குழு முதலிற் செய்த பணி எளியது, ஆயினும் அடிப்படையானது. நோயாளரை இன்னாரெனக் காட்டும் தகவல் எங்கிருந்து எங்கே செல்கின்றது என்பதை வரைபடமாக்கியது. எண்பதுக்கும் மேற்பட்ட தகவற் பாய்ச்சல்கள் அவ்வாறு கண்டறியப்பட்டன. அவற்றின் அடிப்படையில் ஆறு கோட்பாடுகள் வகுக்கப்பட்டன. தகவலைப் பயன்படுத்துவதற்குத் தக்க காரணம் இருத்தல், அவசியமெனில் மட்டும் பயன்படுத்தல், வேண்டிய குறைந்த அளவே பயன்படுத்தல், அறிய வேண்டியவர் மட்டுமே அறிதல், ஒவ்வொருவரும் தம் பொறுப்பை உணர்தல், சட்டத்துக்கு இணங்குதல் என்பன அவை. ஒவ்வொரு நிறுவனத்திலும் இதற்கெனப் பெயர் குறித்த பொறுப்பாளர் ஒருவர் நியமிக்கப்பட வேண்டுமெனவும் அவ்வறிக்கை விதந்துரைத்தது.

2013 ஆம் ஆண்டில் ஏழாவது கோட்பாடொன்று சேர்க்கப்பட்டது. நோயாளரின் நன்மைக்காகத் தகவலைப் பகிர்வது, அதனைக் காப்பதற்கு நிகரான கடமையாகலாம் என்பது அதன் சாரம். இரகசியம் என்னும் பெயரால் ஒரு விடுதியின் குறிப்பை மறுவிடுதிக்கு மறுப்பதும் தீங்கே என்பதை நடைமுறை உணர்த்தியது. தம் தகவல் எவ்வாறு பயன்படுகின்றது என்பதை நோயாளர் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும் என்னும் எட்டாவது கோட்பாடு 2020 இல் வந்தது.

கோட்பாடுகள் நன்கு வகுக்கப்பட்டபின் மதிப்பீடும் நிகழ்ந்தது. எனினும் மதிப்பீடு மட்டும் போதாதென்பதை 2017 ஆம் ஆண்டு மே 12 ஆம் திகதி காட்டியது. அன்று வொனாகிரை எனப்படும் கப்பம் கோரும் கணினி நச்சுநிரல் உலகெங்கும் பரவியபோது இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை பெரிதும் பாதிக்கப்பட்டது. நோயாளர் பலரின் சந்திப்புக்களும் சத்திரசிகிச்சைகளும் நிறுத்தப்பட்டன. அந்நச்சுநிரல் நுழைந்த துளையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்னரே வெளியாகியிருந்தது. அந்நாட்டின் தேசிய கணக்காய்வு அலுவலகம் பின்னர் வெளியிட்ட அறிக்கையில் ஒரு செய்தி உண்டு. தாக்குதலுக்கு முன்னர் 236 வைத்தியசாலை நிறுவகங்களுள் 88 இல் நேரடிப் பாதுகாப்பு மதிப்பீடு செய்யப்பட்டிருந்தது. அவற்றுள் ஒன்றேனும் தேறவில்லை. ஆனால் மதிப்பிட்ட அமைப்புக்குத் திருத்தத்தை வலியுறுத்தும் அதிகாரம் இருக்கவில்லை. குறை கண்டறியப்பட்டது, திருத்தப்படவில்லை. குறையைக் கண்ட நாளுக்கும் திருத்திய நாளுக்கும் இடைப்பட்ட காலமும் அளக்கப்பட வேண்டிய ஒன்று என்பது இதனாற் பெறப்படுகின்றது.

5. சில வழக்குகள் தரும் படிப்பினைகள்

மேற்கூறியதைத் தெளிவாக்கப் பிறநாட்டு நிகழ்ச்சிகள் சிலவற்றை நோக்குவோம்.

பின்லாந்தில் தாதியொருவர் தாம் பணிபுரிந்த மருத்துவமனையிலேயே எச்.ஐ.வி. தொற்றுக்குச் சிகிச்சை பெற்றார். உடன் பணிபுரிவோர் தம் நோயை அறிந்துவிட்டனர் என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. தம் கோவையைப் பார்த்தவர் யாவர் என அவர் வினவியபோது மருத்துவமனையால் விடைகூற இயலவில்லை. இறுதியாகப் பார்த்த ஐந்து பார்வைகள் மட்டுமே அங்கிருந்த முறையிற் பதிவாகியிருந்தன. அவையும் பார்த்த பிரிவைக் காட்டினவேயன்றி ஆளைக் காட்டவில்லை. உள்நாட்டு நீதிமன்றங்கள், முறைகேடு எண்பிக்கப்படவில்லை எனக் கூறி அவர் கோரிக்கையை மறுத்தன. ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2008 ஆம் ஆண்டு அளித்த தீர்ப்பில், பார்த்தவர் யாரென அறியும் வழியை ஏற்படுத்தாமையே உரிமை மீறல் எனக் கண்டது. நோயாளரால் எண்பிக்க முடியாமற்போனமைக்குக் காரணம் மருத்துவமனையின் பதிவுக் குறைபாடேயென அந்நீதிமன்றம் கொண்டமை இத்துறையில் ஒரு திருப்புமுனை எனலாம். சான்று காட்டும் பொறுப்பு தரவை வைத்திருப்பவருடையது என்னும் கொள்கை இதனால் உறுதிபெற்றது.

போர்த்துக்கல் நாட்டின் பரெய்ரோ நகரிலுள்ள மருத்துவமனை ஒன்றில் மருத்துவர்க்குரிய கணினி அனுமதி பெற்ற கணக்குகள் 985 இருந்தன. அங்கு பணியாற்றிய மருத்துவர்களோ 296 பேரே. பணிநீங்கியோரின் கணக்குகள் நீக்கப்படாமையும், மருத்துவரல்லாதார்க்கு மருத்துவருக்குரிய அனுமதி வழங்கப்பட்டமையும் இவ்வேறுபாட்டை விளைத்தன. 2018 இல் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அம்மருத்துவமனைக்கு 4 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது. இங்கு மதிப்பீட்டாளர்க்கு வேண்டியிருந்தவை இரண்டு எண்கள் மாத்திரமே. ஊழியர் பட்டியலையும் கணக்குப் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்ப்பதற்குப் பெரும் நிபுணத்துவம் தேவையில்லை.

சிங்கப்பூரில் 2018 ஆம் ஆண்டு யூன் 27 முதல் யூலை 4 வரை சிங்ஹெல்த் நிறுவனத்தின் தரவுத்தளத்திலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் நோயாளரின் விபரங்கள் களவாடப்பட்டன. அவர்களுள் ஏறத்தாழ 1,60,000 பேரின் மருந்து விபரங்களும் சென்றன. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் அவர்களுடையதும் அவற்றுள் அடங்கும். பின்னர் நடந்த பகிரங்க விசாரணையில், ஐயத்துக்கிடமான செயல்களைக் கீழ்நிலை ஊழியர் சிலர் முன்னரே கவனித்திருந்தும் உரிய காலத்தில் மேலிடத்துக்கு அறிவிக்கப்படவில்லை என்பது வெளிப்பட்டது. சிறந்த கருவிகள் இருந்த இடத்திலும் அறிவிக்கும் பழக்கம் குன்றியிருந்ததே பெருந்தடையாயிற்று.

தமிழர் வாழும் நிலத்திலிருந்தும் ஒரு வழக்கைக் குறிப்பிடலாம். சென்னை மருத்துவமனை ஒன்றில் 1995 இல் குருதி கொடுக்க முன்வந்த ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரியவந்தது. அச்செய்தி வெளிப்பட்டதால் தம் திருமணம் நின்றதாகவும் சமூகத்தால் ஒதுக்கப்பட்டதாகவும் அவர் இழப்பீடு கோரினார். இந்திய உச்ச நீதிமன்றம் 1998 இல், மணக்கவிருந்த பெண்ணின் நலவாழ்வு உரிமையைக் கருதி அக்கோரிக்கையை ஏற்கவில்லை. மறைவு முழுமுற்றான உரிமையன்று, அதற்கு விலக்குகள் உண்டு என்பது தீர்ப்பின் அடிப்படை. இவ்வழக்கிலிருந்து ஆளுகை நோக்கில் நாம் எடுக்க வேண்டிய வினா வேறொன்று. விலக்கு நேரும்போது அதனை முடிவு செய்பவர் யார்? யாரிடம், எவ்வளவு, எந்தக் காரணத்தாற் கூறப்பட்டது என எழுதிவைக்கப்பட்டதா? உரிய முடிவின்படி ஒருவர்க்கு அறிவிப்பதும், ஊர்வாய்க்குச் செய்தி எட்டுவதும் ஒன்றல்ல.

6. இலங்கையின் சட்ட நிலை

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம், பொது அதிகாரசபைகளிடமிருந்து தகவல் பெறும் உரிமையைக் குடிமக்களுக்கு வழங்கியது. எனினும் ஒருவரின் மருத்துவப் பதிவுகளை அவருடைய எழுத்துமூலச் சம்மதமின்றிப் பிறருக்கு வழங்குவதற்கு அச்சட்டத்தின் 5 ஆம் பிரிவு இடமளிக்கவில்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் விரிவானது. உடல்நலம் பற்றிய தரவுகளைச் சிறப்பு வகையினவாக அது கொள்கின்றது. தம்மைப் பற்றிய தரவைப் பார்க்கவும் திருத்தக் கோரவும் ஒருவர்க்குள்ள உரிமை, தரவு மீறல் நேரின் அறிவிக்கும் கடமை, பாதிப்பு மதிப்பீடு, பொறுப்பு உத்தியோகத்தர் நியமனம் என்பன அதில் உள்ளன. இணங்காமைக்கு ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும் 1 கோடி ரூபா வரை தண்டம் விதிக்க இடமுண்டு. தரவுப் பாதுகாப்பு அதிகாரசபைக்குரிய பகுதி 2023 இல் நடைமுறைக்கு வந்தது. 2025 மார்ச் 18 இல் நடைமுறைக்கு வரவிருந்த முதன்மைப் பகுதிகளோ அத்திகதிக்கு முன்னரே ஒத்திவைக்கப்பட்டன.

சட்டத்தின் தாமதம் இழப்பைத் தாமதப்படுத்துவதில்லை. 2021 யூலையில் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவுகள் அரச கணினி முகிலிலிருந்து அழிந்தன. அவை மருந்துகளின் பதிவு பற்றியவை, நோயாளருடையவை அல்ல. எனினும் காப்புப் பிரதி வைக்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி அங்கு எழுந்தது. 2023 ஓகஸ்டில் அதே அரச முகில் கப்பம் கோரும் நச்சுநிரலுக்கு இலக்கானபோது, அரச மின்னஞ்சற் கணக்குகள் பலவற்றின் ஏறத்தாழ மூன்று மாதத் தரவுகள் மீட்க முடியாது போயின. ஒப்பந்தம் செய்தவரும் ஒப்பந்தகாரரும் மற்றவரே படியெடுப்பார் என நம்பியிருப்பின் இருவருமே படியெடுப்பதில்லை. ஆதலால் காப்புப் பிரதி உண்டா என்று கேட்பதோடு மதிப்பீட்டாளர் அமைதல் கூடாது. அப்பிரதியிலிருந்து இறுதியாக எப்பொழுது தரவு மீட்டுப் பார்க்கப்பட்டது எனக் கேட்டல் வேண்டும்.

7. சிறு நிறுவனங்களுக்கான அளவுகோல்

பெருநகர் வைத்தியசாலைக்கு வகுக்கப்பட்ட நூற்றுக்கணக்கான வினாக்களை ஒரு கிராமத்து மருத்துவமனையிடம் கொடுத்தால், ஆம் என்னும் விடைகள் நிறைந்த தாளொன்று கிடைக்கும், உண்மை கிடைக்காது. ஆதலின் ஏழு வினாக்கள் இங்கு முன்மொழியப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் விடையாக ஏற்கத்தக்க சான்றும் உடன் கூறப்படுகின்றது.

(1) பொறுப்பு: நோயாளர் தரவுக்குப் பொறுப்பானவர் யார்? சான்று: அவருடைய நியமனக் கடிதம், அத்துடன் வெளிநோயாளர் பிரிவு ஊழியர் ஒருவரைத் தனியே கேட்டால் அவரும் அதே பெயரைக் கூறுதல்.

(2) பாய்ச்சல்: தரவு எங்கெங்கு செல்கின்றது? சான்று: ஒரு நோயாளரின் குறிப்பு பதிவு மேசையிலிருந்து களஞ்சியம் வரை சென்ற வழியை வரைந்து காட்டுதல்.

(3) அணுகல்: யார் பார்க்கலாம், யார் பார்த்தனர்? சான்று: ஊழியர் பட்டியலும் கணினிக் கணக்குப் பட்டியலும் பொருந்துதல், தாட் கோவையாயின் எடுத்தவர் கையொப்பமிட்ட ஏடு.

(4) சம்மதம்: உறவினர்க்குக் கூறலாமா என நோயாளர் கேட்கப்பட்டாரா? சான்று: அவர் குறிப்பிட்ட ஆளின் பெயர் சீட்டில் எழுதப்பட்டிருத்தல்.

(5) மீட்பு: தரவு அழிந்தால் மீளுமா? சான்று: இறுதியாக மீட்டுப் பார்த்த திகதி.

(6) அழிப்பு: காலங்கடந்த பதிவுகள் எவ்வாறு அகற்றப்படுகின்றன? சான்று: அழிப்புப் பதிவேடும் முன்னின்றோர் கையொப்பமும்.

(7) திருத்தம்: இறுதியாக நேர்ந்த தவறு யாது, அதன்பின் எது மாறியது? சான்று: தவறுகளைக் குறிக்கும் ஏடு.

இறுதி வினாவைப் பற்றி ஒரு சொல் கூற வேண்டும். தவறு ஏடு வெறுமையாக இருப்பின் அது நற்சான்றன்று. மனிதர் பணிபுரியும் எந்த இடத்திலும் ஓராண்டிற் சீட்டொன்றேனும் மாறாதிருத்தல் அரிது. வெற்றேடு, தவறு நிகழவில்லை என்பதைக் காட்டிலும் அறிவிக்கப்படவில்லை என்பதையே பெரும்பாலும் உணர்த்தும். சிங்கப்பூர் விசாரணையின் படிப்பினையும் இதுவே.

ஒவ்வொரு வினாவுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி வழங்கலாம். ஒன்றும் இல்லையெனில் 0. வாய்மொழி வழக்கம் மட்டுமெனில் 1. எழுத்திலும் செயலிலும் இருப்பின் 2. அதனைக் காலந்தோறும் பரிசோதித்துத் திருத்தியமைக்குச் சான்றிருப்பின் 3. இங்கு ஒரு முக்கிய விதி கடைப்பிடிக்கப்படல் வேண்டும். புள்ளிகளைக் கூட்டிச் சராசரி காணலாகாது. ஏழனுள் மிகத் தாழ்ந்த புள்ளியே நிறுவனத்தின் தரமாகக் கொள்ளப்படல் வேண்டும். யாழ்ப்பாணத்துக் கிடுகுவேலியை அறிந்தோர்க்கு இதன் நியாயம் விளங்கும். நூறு முழ வேலி நேர்த்தியாக அடைக்கப்பட்டிருப்பினும் ஆடு நுழைவது ஒரு பொட்டினூடாகவே. வேலியின் நீளம் பயிரைக் காப்பதில்லை.

8. சிற்றூரின் தனிப் பிரச்சினைகள்

புத்தூர் போன்ற ஊரில், பெருநகர்க்கென வகுத்த பாதுகாப்பு முறைகள் சில பயனற்றுப் போகின்றன. ஆய்வுக்காகவோ அறிக்கைக்காகவோ தரவை வெளியிடும்போது நோயாளரின் பெயரை நீக்கிவிடுவது வழக்கம். இலட்சக்கணக்கானோர் வாழும் நகரில் அது ஓரளவு போதுமானது. ஆனால் இன்ன குறிச்சியைச் சேர்ந்த 42 வயதுடைய ஆசிரியை என ஓர் அட்டவணையிற் காணப்படின், பெயர் இல்லாவிடினும் ஊரார்க்கு அவர் யாரென்பது தெரியும். எனவே சிற்றூர்த் தரவுகளில் எண்ணிக்கை மிகக் குறைந்த கட்டங்களை வெளியிடாது விடுதலும், ஊர்ப்பெயருக்குப் பதிலாகப் பெரும் பிரிவின் பெயரைக் குறித்தலும் வேண்டற்பாலன.

இரண்டாவது பிரச்சினை, ஊழியரும் நோயாளரும் அயலவராகவும் உறவினராகவும் இருத்தல். பின்லாந்துத் தாதியின் வழக்கு இங்கு நினைவுகூரத்தக்கது. இத்தகைய சூழலில் வெளியிலிருந்து வரும் கள்வனைக் காட்டிலும் உள்ளிருந்து எட்டிப்பார்க்கும் ஆவலே பெரிய இடர். வரிசையில் நிற்போர் கேட்க நோயின் பெயரைக் கூவியழைத்தல், முடிவுத் தாள்களை யாரும் புரட்டுமாறு மேசையிற் குவித்துவைத்தல், அறிக்கையைக் கைத்தொலைபேசியிற் படம்பிடித்துக் குழுக்களில் அனுப்புதல், பழைய பதிவுத் தாள்களைக் கச்சான் சரை சுற்றும் கடைக்குப் போகவிடுதல் ஆகியவற்றுக்கு எந்தக் கணினித் தாக்குதலும் தேவையில்லை. இவற்றைத் தடுக்கப் பெரும்பொருளும் தேவையில்லை. நோயாளரை இலக்கத்தால் அழைத்தல், பூட்டுள்ள அலுமாரி, ஒரு தடுப்புத் திரை, தாளைக் கிழித்தழிக்கும் ஒழுங்கு ஆகியவை எந்தச் சிறு மருத்துவமனைக்கும் இயல்வனவே.

மூன்றாவது, குடும்பம். நோயின் தன்மையைத் தாயிடம் மறைத்து மகனிடம் கூறும் வழக்கம் நம்மிடையே உண்டு. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் தொலைபேசியில் மருத்துவரை வினவுவதும் இயல்பாகிவிட்டது. அன்பினால் எழும் இவ்வினாக்களைக் குற்றமெனக் கருதல் தகாது. ஆயினும் நோய் தாயினுடையது. அதனைப் பற்றிய செய்தியும் முதலில் அவருடையதே. அனுமதிக்கும் வேளையில் யாரிடம் கூறலாம் என அவரையே கேட்டு எழுதிக்கொள்வது, மருத்துவரின் தர்மசங்கடத்தையும் தவிர்க்கும்.

நான்காவது, பொது நலத்துக்காகச் சட்டமே வெளியிடப் பணிக்கும் சந்தர்ப்பங்கள். 2020, 2021 ஆம் ஆண்டுகளிற் கொரோனாத் தொற்றின்போது தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளின் வாயிலில் அறிவித்தல் ஒட்டப்பட்டதை நாம் கண்டோம். தொற்றைத் தடுப்பது அதன் நோக்கம். அந்நோக்கத்துக்கு வேண்டிய அளவு எது, அறிவித்தல் எந்நாளில் அகற்றப்பட வேண்டும் என்பன ஆளுகைக்குரிய வினாக்கள். நோக்கம் முடிந்த பின்னரும் நிற்கும் அறிவித்தல், வீட்டாரின் மேல் நிலைத்துவிட்ட முத்திரையாகிவிடும்.

இவை காக்கப்படாதவிடத்து விளையும் தீங்கு, நாணத்தோடு முடிவதில்லை. சயரோகம், மனநோய், பாலியல் நோய், கருச்சிதைவு ஆகியவற்றைப் பற்றிய செய்தி ஊரிற் பரவுமென அஞ்சுபவர் ஊர் மருத்துவமனையைத் தவிர்ப்பார். தொலைவிலுள்ள இடத்தை நாடுவார். பணமில்லையேல் எங்கும் போகார். நோய் முற்றும், தொற்றாயின் பரவும். காவாத இரகசியம் ஒருவருடைய மானத்தை மட்டுமன்றி ஊரின் சுகாதாரத்தையும் கெடுக்கின்றது என்பது இதனாற் போதரும்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். நோயாளர் தரவின் பாதுகாப்பு மறைவு, செம்மை, கிடைப்பு என்னும் மூன்றையும் தழுவியது. அதனை மதிப்பிடுபவர் தரவின் வழியைப் பின்தொடர்ந்து, ஒவ்வொரு கைமாற்றத்திலும் சான்று கேட்டல் வேண்டும். சான்று காட்டும் பொறுப்பு நிறுவனத்துடையது; பாதிக்கப்பட்ட நோயாளருடையதன்று. கண்ட குறைக்குத் திருத்தும் நாள் குறிக்கப்படாத மதிப்பீடு, 2017 இல் இங்கிலாந்து கண்டவாறு, வெறும் ஏடாகவே எஞ்சும்.

இங்கு முன்மொழியப்பட்ட ஏழு வினாக்களும் முடிந்த முடிபுகள் அல்ல. வலிகாமத்தின் சிறு மருத்துவமனைகள் ஓரிரண்டு தாமாக முன்வந்து அவற்றைப் பயன்படுத்திப் பார்ப்பின் எவை பொருந்தும், எவை பொருந்தா என்பது தெரியவரும். பல்கலைக்கழக மருத்துவ பீடத்து மாணவரும் கணினித்துறை மாணவரும் இப்பணியிற் கைகோத்தல் நன்று. சட்டத்தின் எஞ்சிய பகுதிகள் நடைமுறைக்கு வரும்வரை காத்திருத்தல் அவசியமன்று. தோட்டத்து மண் ஒட்டிய கையோடு மருத்துவர் முன் அமர்ந்து, மனைவியிடங் கூடச் சொல்லாத ஒன்றை ஒருவர் சொல்கின்றார். அச்சொல் எங்கே எழுதப்படுகின்றது, யார் கையிற் போகின்றது என்று அவர் கேட்பதில்லை. அவர் கேளாத அவ்வினாவை அவர் பொருட்டுக் கேட்பதே மதிப்பீட்டின் பணியாகும்.